நகைச்சுவை எழுதும் நடிகருக்கு அறிவியல் புனைவில் இடம் உண்டா?

“சேலத்தில் கல்லூரி மேடைகளுக்கு நகைச்சுவை நாடகம் எழுதி நடிக்கிறேன்; பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் சைமன் பெக் போல அறிவியல் புனைவுப் படங்களுக்குச் செல்ல முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெக் அந்த உலகத்துக்குள் நுழைந்ததே கேலி வழியாகத்தான். 1999-இல் தொடங்கி, ஜெசிகா ஹைன்ஸுடன் சேர்ந்து எழுதி நடித்த ‘ஸ்பேஸ்டு’ என்ற தொலைக்காட்சித் தொடரில், ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்க விண்வெளிப் பட வரிசையில் ஒற்றைப்படை எண்ணில் வரும் படங்கள் எதுவுமே தேறாது என்று அவருடைய பாத்திரம் அடித்துச் சொல்லும். பின்னர் 2009-இல், அதே வரிசையின் பதினொன்றாம் படத்தில் விண்கலப் பொறியாளர் ஸ்காட்டியாக நடித்தவர் அவரேதான். 2016-இல் டக் ஜங்குடன் இணைந்து திரைக்கதை எழுதியதோ பதின்மூன்றாம் படம், அதுவும் ஒற்றைப்படை! இடையில், 2011-இல் நிக் ஃபிராஸ்டுடன் எழுதி நடித்த ‘பால்’ படம் வேற்றுக்கிரகவாசியை வைத்தே சிரிக்கவைத்தது. ரசிகராக அதில் ஊறிய ஒருவருக்கே இத்தகைய கேலி கைகூடும் என்பது என் எண்ணம்.

நம் ஊருக்கும் இந்த வகைப் படம் புதிதன்று. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவாக இன்றும் நினைவில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனம், 1952-இல் அமெரிக்கர்களுடன் கூட்டாகத் தயாரித்த ‘காடு’ படத்துக்காக, யானைகளுக்குச் சடைமயிர் போர்த்தி, என்றோ அழிந்துபோன மாமூத்துகளாக நடமாட விட்டது.