வாசகர் கேள்வி – பதில்: அடுத்து எதைப் படிப்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். யாங்கோனில் ஒரு கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். என் தந்தையார் விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் இருந்த புத்தகங்களைத் தவிர வேறு தமிழ் நூல்களை நான் அதிகம் அறியேன். அவற்றுள் மூன்றை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் திரும்பப் படிப்பேன்: தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’, ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. இவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமானது கடைசியாகச் சொன்னதுதான். லிஸி அந்தப் பழைய வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பக்கங்களை என்னால் விரைந்து கடக்க முடிவதில்லை. இவற்றை விரும்புகிறவள் அடுத்து எதைப் படிக்கலாம்? நாம் வாழும் இந்த நாட்டைப் பற்றித் தமிழில் நல்ல நூல் ஏதேனும் உண்டா?
— ஒரு வாசகி, யாங்கோன்

பதில்: தங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்குக் காரணம் இருக்கிறது. தாங்கள் தனித்தனியாகக் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் ஒரே நூல் விடையாக அமைகிறது; அந்த நூலை எழுதியவரும் தாங்கள் மிகவும் விரும்பும் அதே ஹெப்சிபா ஜேசுதாசன்தான். குமரி மாவட்டத்துக்காரரான அவர் தம் இளமையின் ஒரு பகுதியைப் பர்மாவில் கழித்தவர். 1964இல் வெளிவந்த ‘புத்தம் வீடு’ பனையேறிகளின் ஊரைச் சொல்வதால், அவரைப் பனங்காட்டு எழுத்தாளராக மட்டுமே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் 1982இல் அவர் எழுதிய ‘மா-னீ’ என்னும் நாவலின் களம் பர்மா. தலைப்பில் உள்ள ‘மா’ என்னும் சொல்லைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியதில்லை, ஏனெனில் நம் பக்கத்து வீட்டுப் பெண்ணை நாம் நாள்தோறும் அப்படித்தான் அழைக்கிறோம். தமிழ் நாவல் ஒன்றின் முகப்பில் நம் தெருவில் ஒலிக்கும் விளி இருப்பதைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது. தாங்கள் முதலில் இதைத் தேடிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

லிஸியைப் பற்றித் தாங்கள் எழுதியதையும் எளிதில் கடந்துவிட மனமில்லை. பருவம் எய்திய பெண் பள்ளியை விட்டு வீட்டுக்குள் இருத்தப்படுவதையும், கண்ணப்பச்சி என்று அவள் அழைக்கும் பாட்டனாரின் நிழலில் நொடித்துப்போன ஒரு குடும்பம் தன் பழம்பெருமையைக் கட்டிக்காப்பதையும், பனையேறியின் மகனான தங்கராஜை அவள் மனம் நாடுவதையும் ஆசிரியர் குரலை உயர்த்தாமலேயே சொல்லிவிடுகிறார். உரத்துப் பேசாத அந்த நடை தங்களைப் பற்றிக்கொண்டது என்றால், தங்கள் வாசிப்பு நல்ல பாதையில் போகிறது என்று நான் துணிந்து கூறுவேன்.

அடுத்ததாக நான் வைக்கும் நூல் நாவல் அன்று. வெ. சாமிநாத சர்மா 1937 முதல் 1942 வரை ரங்கூனிலிருந்து ‘ஜோதி’ என்னும் மாத இதழை நடத்தியவர். பிளேட்டோவின் ‘அரசியல்’ நூலைத் தமிழில் தந்தவரும் அவரே. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசிய பிறகு, ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர் இந்நாட்டைவிட்டு வெளியேறினார்கள் என்று கணக்கிடப்படுகிறது. கப்பலில் இடம் கிடைத்தவர் சிலரே. மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் தமு வழியாகவும் காட்டையும் மலையையும் நடந்தே கடந்தார்கள். அப்படித் தம் மனைவியாருடன் நடந்து சென்ற சர்மா, அந்த அனுபவத்தை ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ என்னும் நூலாக எழுதினார். நம்மில் பலருடைய வீடுகளில் பாட்டிமார் இருட்டிய பின் சொல்லி, நடுவிலேயே நிறுத்திவிடும் கதை அதுதான். என் பாட்டி ஆற்றங்கரை ஒன்றை எட்டியதும் பேச்சை நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் என்ன நடந்தது என்று கேட்கும் துணிவு எங்களுக்கு இருந்ததில்லை. சர்மாவின் நூலைப் படித்த பிறகே அந்த மௌனத்தின் கனம் எனக்கு ஒருவாறு விளங்கியது.

‘கோபல்ல கிராம’த்தைத் தாங்கள் விரும்பியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. ஆந்திர நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறியவர்களின் கதையை ஒரு முதுகிழவியின் வாயால் கேட்கிறோம். குடிபெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அது அயலார் கதையாகப் படுவதில்லை. அதன் தொடர்ச்சியாகிய ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ‘மோகமுள்’ளுக்குப் பின் ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ படிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது எது என்று தாங்கள் கேட்கவில்லை. ஆயினும் தங்கள் பட்டியலைப் பகிர்ந்துகொண்ட பிறகு என்னுடையதை மறைப்பது முறையாகாது. ப. சிங்காரம் எழுதி 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யை நான் நான்கு முறை படித்திருக்கிறேன். மெடானிலும் பினாங்கிலும் கடைகளில் வேலை பார்த்த தமிழ் இளைஞர்களையும், போர் அவர்களை இந்திய தேசிய இராணுவத்துக்குள் இழுத்துச் சென்றதையும் அதில் காண்கிறோம். அந்த இராணுவத்தின் தலைமையகம் 1944 ஜனவரியில் ரங்கூனுக்கே வந்தது என்பதால், அக்கதையின் மறுபாதி நம் ஊரில் நடந்ததாகவே கருதிப் படிப்பேன். மலாய்ச் சொற்களும் சங்கப் பாடல் வரிகளும் செட்டியார் கடைப் பேச்சும் ஒரே பத்தியில் கலந்து வருவதால் முதல் ஐம்பது பக்கங்கள் கடினமாக இருக்கும். பொறுமையுடன் அவற்றைக் கடந்துவிடுங்கள். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் பர்மியமும் பேசும் நம் காதுக்கு அந்தக் கலப்பு விரைவில் பழகிவிடும்.

கேள்வி: என் மகனுக்கு வயது பதினான்கு. பர்மிய மொழியில் தடித்த புத்தகங்களையும் இரண்டு நாளில் முடித்துவிடுகிறான். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். ‘பொன்னியின் செல்வன்’ வாங்கித் தரலாமா?
— ஒரு தந்தை, மோல்மேன்

பதில்: இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. கல்கியின் அந்நாவல் ஐந்து பாகங்கள் கொண்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை முதல் பாகத்தின் பாதியிலேயே களைத்து, குறை தன்னிடம்தான் என்று எண்ணிவிடுவான். தங்கள் மகன் வாசிக்கத் தெரியாதவன் அல்லன். வேறொரு மொழியில் அவன் நல்ல வாசகன். ஆகவே சிறுபிள்ளைக் கதைகளைக் கொடுத்தாலும் அவமதிப்பாகவே கொள்வான். அளவில் சிறியதும் பொருளில் பெரியதுமான ஒன்று அவனுக்கு வேண்டும். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ என்னும் சிறுகதையைத் தாங்களே ஒரு மாலையில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். வீட்டுக் கதவைப் பிடித்துத் தொங்கி வண்டி விளையாடும் ஏழைப் பிள்ளைகளிடமிருந்து, தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். சில பக்கங்களே உள்ள கதை. ஆனால் பதினான்கு வயதுப் பையன் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போகமாட்டான். அதன் பிறகு குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா எழுதிய ‘பர்மா ரமணி’ கிடைத்தால் கொடுங்கள்; பர்மாவிலிருந்து வந்த ஒரு சிறுவன் தமிழ்க் கதையொன்றின் நாயகனாக இருப்பதை அவன் அறிந்துகொள்ளட்டும். முதல் அத்தியாயத்தைத் தாங்கள் படியுங்கள், இரண்டாவதை அவன் படிக்கட்டும்; தவறாகப் படித்தால் உடனே திருத்தாதீர்கள்.

கேள்வி: இந்நூல்கள் இங்குக் கிடைப்பதில்லையே, என்ன செய்வது?
— ஒரு வாசகர், பெகு

பதில்: சாமிநாத சர்மாவின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, ஆகவே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் முதலில் தேடுங்கள். பழைய இலக்கியங்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் இணைய மின்னூல் தொகுப்பு உதவும். மற்ற நாவல்களைச் சென்னைக்குப் போய்வரும் உறவினரிடம் சொல்லித்தான் வாங்க வேண்டும். பட்டியலில் ‘மா-னீ’யை முதலில் எழுதிக் கொடுங்கள், கடைக்காரர் உடனே இல்லையென்று சொன்னாலும் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்னிடம் உள்ள ஒரு பிரதியை யாங்கோன் வாசகிக்கு இவ்விதழ் அலுவலகம் வழியாக இரவல் அனுப்புகிறேன். அவர் படித்து முடித்ததும் அது பெகுவுக்கு வரும்.