செனட் கலையாத வரை: அமெரிக்க அதிபரின் இடைவேளை நியமனங்கள், கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அதிபர் யாரை நியமித்தாலும் செனட் ஒப்புதல் தரவேண்டும் என்கிறார்கள். பிறகு இந்த ‘ரீசஸ் அப்பாயின்ட்மென்ட்’, அதாவது இடைவேளை நியமனம், எங்கிருந்து வந்தது?

பதில்: இரண்டும் அரசமைப்பின் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டாம் விதி, இரண்டாம் பிரிவு. அமைச்சர், தூதர், நீதிபதி போன்றோருக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்கிறது ஓர் உட்பிரிவு. செனட் இடைவேளையில் இருந்தால் காலியிடத்தை அதிபரே நிரப்பலாம், அந்தப் பதவி செனட்டின் அடுத்த கூட்டத்தொடர் முடியும்போது காலாவதியாகும் என்கிறது அடுத்தது. 1787இல் உறுப்பினர்கள் குதிரையிலும் வண்டியிலும் தலைநகருக்கு வந்தார்கள். ஆண்டில் பல மாதம் சபை கூடாது. ஒப்புதல் தர ஆள் ஊரில் இல்லாத நாட்களுக்காக வைத்த வழி இது. ஆள் இருந்தும் ஒப்புதல் கிடைக்காது என்று தெரிந்து இதைக் கையில் எடுக்கும்போதுதான் சண்டை வருகிறது.

கேள்வி: இப்படி நியமிக்கப்பட்டவர் எத்தனை நாள் பதவியில் இருக்கலாம்?

பதில்: நியமித்த தேதியைப் பொறுத்தது. பொதுவாக ஆண்டுக்கு ஒரு கூட்டத்தொடர். 2025 ஆகஸ்ட் விடுமுறையில் ஒருவரை நியமித்திருந்தால், ‘அடுத்த கூட்டத்தொடர்’ என்பது 2026ஆம் ஆண்டினுடையது. அது முடியும்வரை, அதாவது ஏறக்குறைய 16 மாதம் இருக்கலாம். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே, ஜனவரி தொடக்கத்தில் நியமித்தால் அந்த ஆண்டு இறுதியோடு சரி. பிப்ரவரி விடுமுறையில் நியமித்தால் கிட்டத்தட்ட 2 ஆண்டு. ஆக, இந்த வழியில் போகிற அதிபருக்கு ஆண்டின் முதல் விடுமுறைதான் லாபம்.

கேள்வி: சம்பளம் கிடைக்குமா சார்?

பதில்: நல்ல கேள்வி. 1863இலிருந்தே இதில் ஒரு கடிவாளம் உண்டு. செனட் கூடியிருந்தபோதே அந்த இடம் காலியாக இருந்திருந்தால், ஒப்புதல் கிடைக்கும்வரை சம்பளம் இல்லை. மூன்று விலக்குகள் உண்டு. கூட்டத்தொடர் முடிவதற்கு முந்தைய 30 நாளுக்குள் இடம் காலியாகியிருந்தால் சம்பளம் உண்டு. அந்தப் பதவிக்கான பரிந்துரை கூட்டத்தொடர் முடியும்போது செனட்டில் நிலுவையில் இருந்தாலும் உண்டு. கடைசி 30 நாளுக்குள் ஒருவரை செனட் நிராகரித்து, அவருக்குப் பதிலாக வேறொருவர் நியமிக்கப்பட்டாலும் உண்டு. இந்த விலக்குகளில் வந்தாலும், அடுத்த கூட்டத்தொடர் தொடங்கி 40 நாளுக்குள் அதிபர் முறையான பரிந்துரையை அனுப்பியாகவேண்டும். ஒரே ஆளை அடுத்தடுத்த இரண்டு இடைவேளைகளில் நியமித்தால் பெரும்பாலும் இந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு அவர் ஊதியமில்லாமல் உட்காரவேண்டியதுதான்.

கேள்வி: பெரிய பதவிகளுக்கு இதைப் பயன்படுத்தியிருக்கிறார்களா?

பதில்: தலைமை நீதிபதிக்கே. 1795இல் வாஷிங்டன் ஜான் ரட்லெட்ஜை அப்படி நியமித்தார். செனட் கூடியதும் 14க்கு 10 என்று நிராகரித்தது. ஐசனோவர் வாரன், பிரென்னன், ஸ்டூவர்ட் மூவரையும் இதே வழியில் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பி, பிறகு ஒப்புதல் பெற்றார். கிளின்டன் 139 முறை, ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 171 முறை, ஒபாமா 32 முறை. டிரம்ப் முதல் ஆட்சியிலும் பைடன் ஆட்சியிலும் ஒன்றுகூட இல்லை. கதவு எப்படி அடைபட்டது என்பதுதான் அடுத்த கேள்வி.

கேள்வி: சரி, செனட் இதை எப்படித் தடுக்கிறது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: அரசமைப்பின் முதல் விதி, ஐந்தாம் பிரிவு. நாடாளுமன்றத்தில் செனட், பிரதிநிதிகள் சபை என்று இரண்டு சபைகள். ஒன்றின் சம்மதம் இல்லாமல் மற்றது 3 நாளுக்குமேல் கலையக்கூடாது, அதாவது அமர்வை ஒத்திவைத்துவிட்டு விடுமுறைக்குப் போகக்கூடாது. நீண்ட விடுமுறை வேண்டுமானால் இரண்டு சபைகளும் சேர்ந்து ஒரு தீர்மானம் நிறைவேற்றவேண்டும். அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றாமல் விடுவது முதல் படி. உறுப்பினர்கள் ஊருக்குப் போகவேண்டுமே, அதற்காக 3 நாளுக்கு ஒருமுறை பெயருக்கு ஓர் அமர்வு வைப்பது இரண்டாம் படி. இதற்குப் பெயர் ‘புரோ ஃபார்மா’ அமர்வு. செவ்வாய், வெள்ளி என்று வைத்தால் கணக்கு சரியாக வரும். ஞாயிறு கணக்கில் சேராததால் வெள்ளியிலிருந்து செவ்வாய் வரை 3 நாள்தான்.

அமர்வு நடப்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். காலியான அவை. பெரும்பாலும் பக்கத்து மாநிலமான வர்ஜீனியா அல்லது மேரிலாந்து உறுப்பினர் ஒருவர் மட்டும் நாற்காலியில் அமர்கிறார். சுத்தியைத் தட்டுகிறார். அவரைத் தலைமை ஏற்கச் சொல்லும் கடிதத்தை எழுத்தர் வாசிக்கிறார். அடுத்த அமர்வின் நாளையும் நேரத்தையும் சொல்லி மறுபடி ஒரு தட்டு. ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. (செனட்டின் சுத்திக்குக் கைப்பிடி கிடையாது. பழைய தந்தச் சுத்தி 1954இல் உடைந்தபோது புதியதை அன்பளிப்பாகக் கொடுத்தது இந்தியா. துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன், நம் திருத்தணிக்காரர், நேரில் போய் அளித்தார்.)

2007 நவம்பரில் புஷ்ஷைத் தடுக்க, செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட் இந்த முறையைத் தொடங்கினார். அதன்பின் புஷ் ஒரு இடைவேளை நியமனமும் செய்யவில்லை.

கேள்வி: ஒரு நிமிட நாடகம்தானே? அதிபர் ‘இது அமர்வே இல்லை’ என்று சொல்லிவிட்டு நியமித்தால்?

பதில்: ஒபாமா அதைத்தான் செய்தார். 2012இல் செனட் அவர் கட்சியின் கையில் இருந்தது. ஆனால் குடியரசுக் கட்சியின் கையில் இருந்த பிரதிநிதிகள் சபை, கலைவதற்குச் சம்மதிக்கவில்லை. அதனால் செனட்டும் புரோ ஃபார்மா நடத்தவேண்டியதாயிற்று. ஜனவரி 3 அன்று ஓர் அமர்வு, 6 அன்று அடுத்தது. நடுவே 4ஆம் தேதி, தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்துக்கு மூவரையும், நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்கு ரிச்சர்ட் கோர்ட்ரேயையும் நியமித்தார்.

வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் நோயல் கேனிங் என்ற பெப்சி பாட்டில் நிறுவனம். தொழிற்சங்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொன்ன வாரியத்தின் உத்தரவை அது எதிர்த்தது. அந்த மூவரின் நியமனமே செல்லாது, ஆகவே வாரியத்தில் முடிவெடுக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லை என்பது வாதம். 2014 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் நியமனம் செல்லாது என்றார்கள்.

காரணம்தான் முக்கியம். தன் விதிகளின்படி வேலை செய்யக்கூடிய நிலையில் செனட் இருந்து, ‘கூடியிருக்கிறோம்’ என்று சொன்னால், அது கூடியிருக்கிறது. ‘அலுவல் இல்லை’ என்று அறிவித்த அமர்விலேயே, 2011 டிசம்பர் 23 அன்று, ஊதிய வரிச் சலுகையை நீட்டிக்கும் மசோதாவை ஒருமித்த சம்மதத்தில் நிறைவேற்றியிருந்தார்கள். பிறகு எப்படி அதை நாடகம் என்பது? 3 நாள் இடைவெளி போதவே போதாது. 10 நாளுக்குக் குறைவானதும், நாடே நிலைகுலையும் பேரிடர் போன்ற அசாதாரண நிலை இல்லாவிட்டால், போதாது.

வழக்கில் தோற்றுப்போன நியமனம் பின்னால் விட்டுச்செல்லும் குப்பையையும் பாருங்கள். வாரியம் அந்தக் காலத்தில் தந்த நூற்றுக்கணக்கான தீர்ப்புகள் கேள்விக்குள்ளாயின. கோர்ட்ரே 2013இல் முறையான ஒப்புதல் பெற்றதும், தன் முந்தைய நடவடிக்கைகளைத் தானே மறுபடி உறுதிசெய்யவேண்டியிருந்தது. குறுக்குவழியின் விலையைக் கொடுப்பது அந்த அலுவலகத்தை நம்பி வழக்கோடு வந்தவர்கள். எனக்கு இதில் மிகவும் உறுத்துவது அதுதான்.

கேள்வி: அப்படியானால் இடைவேளை நியமன அதிகாரமே செத்துவிட்டதா?

பதில்: இல்லை. அதே தீர்ப்பில் ஐந்து நீதிபதிகள் அதிபருக்குச் சாதகமாகவும் இரண்டு சொன்னார்கள். கூட்டத்தொடரின் நடுவே வரும் இடைவேளையும் இடைவேளைதான். இடைவேளைக்கு முன்பே காலியான இடத்தையும் நிரப்பலாம். நீதிபதி ஸ்காலியா உள்ளிட்ட மற்ற நால்வர் இரண்டையும் ஏற்கவில்லை. ஆக, இரு சபைகளும் கலைந்தால் அதிகாரம் அப்படியே இருக்கிறது.

கேள்வி: செனட்டில் சிறுபான்மையாக இருக்கும் கட்சி மட்டும் தடுக்க முடியுமா?

பதில்: தனியாக முடியாது. கலையும் தீர்மானத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பேசிப் பேசி இழுத்தடிக்கவும் வழியில்லை, விவாதம் கிடையாது. திருத்தங்கள் கொண்டுவரலாம், ஒவ்வொன்றுக்கும் வாக்கெடுப்பு கேட்டு நேரத்தைத் தின்னலாம், அவ்வளவே. 2025இல் தொடங்கிய செனட்டில் 53க்கு 47. ஆளும் கட்சியில் மூவர் மாறினால் 50க்கு 50, துணை அதிபர் வாக்களித்து முடித்துவிடுவார். நான்கு பேர் வேண்டும். மற்ற சபையில் பெரும்பான்மை இருந்தால் கதையே வேறு, 2012 போல அங்கிருந்தே பூட்டலாம்.

கேள்வி: அதிபரே சபைகளைக் கலைக்கலாம் என்று 2020இல் டிரம்ப் சொன்னாரே?

பதில்: இரண்டாம் விதி, மூன்றாம் பிரிவு. எப்போது கலைவது என்பதில் இரு சபைகளுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் அதிபர் முடிவு செய்யலாம். இதுவரை எந்த அதிபரும் பயன்படுத்தியதில்லை. இரு சபைகளும் ‘கலையமாட்டோம்’ என்று ஒன்றாக நின்றால் வேறுபாடே இல்லை, அதிபருக்கு வேலையும் இல்லை. ஒரு சபை கலையவேண்டும் என்று வாக்களித்து, மற்றது மறுத்தால்தான் சிக்கல். 2014 தீர்ப்பும் இந்த வழியைக் குறிப்பிடுகிறது. ஆகவே தடுக்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் சபையில் அந்த வாக்கெடுப்பு வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கேள்வி: பேரம் பேசித் தடுத்தது உண்டா?

பதில்: உண்டு. 2004 தொடக்கத்தில் பிக்கரிங், பிரையர் இருவரையும் புஷ் இப்படி நீதிபதிகளாக்கினார். ஜனநாயகக் கட்சியினர் மற்ற நீதிபதிப் பரிந்துரைகளை நிறுத்திவைத்தார்கள். மே மாதம் உடன்பாடு: அந்தப் பதவிக்காலம் முடியும்வரை நீதிபதிகளை இப்படி நியமிப்பதில்லை என்றார் புஷ், 25 பேருக்கு வாக்கெடுப்பு நடத்த வழிவிட்டார்கள் இவர்கள்.

கேள்வி: செய்தியில் ‘செனட் விடுமுறை’ என்று வந்தால் நாங்கள் எதைப் பார்க்கவேண்டும்?

பதில்: கடைசி நாளில் வாசிக்கப்படும் உத்தரவைப் பாருங்கள். ‘புரோ ஃபார்மா அமர்வு மட்டும், அலுவல் இல்லை’ என்று சொல்லி, தேதிகளும் நேரங்களும் வரிசையாக இருந்தால் கதவு பூட்டியிருக்கிறது. இடைவெளி எதுவும் 3 நாளைத் தாண்டுகிறதா என்று ஞாயிறு நீக்கி எண்ணிப் பாருங்கள். அந்தப் பட்டியலுக்குப் பதிலாக இரு சபைகளின் கலையும் தீர்மானம் இருந்தால், மொத்த நாட்களை எண்ணுங்கள். 10 அல்லது அதற்குமேல் என்றால் கதவு திறந்திருக்கிறது.