இடுக்கி நிலநடுக்க மாடல்: எச்சரிக்கை அனுப்பும் முன்

வணக்கம் நண்பரே. அயனமண்டலத்தின் (வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கு) எலக்ட்ரான் அளவை வைத்து இடுக்கி நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லும் உங்கள் கணினி மாடல் 97 சதவீதம் சரியாக வருகிறது, குமுளி வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

நூறு நாளில் மூன்று நாள்தான் அதிர்வு என்றால், தினமும் ‘இன்று வராது’ என்று சொல்லும் மாடலுக்கும் அதே 97 கிடைக்கும். வந்த அதிர்வுகளில் எத்தனையைப் பிடித்தது, எத்தனை முறை வீணாக அலறியது, அதைப் பாருங்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் டேட்டாவைக் கலைத்துப் பிரித்தீர்களா? அப்படியென்றால் பிந்தைய நாட்களின் தகவல் பயிற்சிக்குள் கசிந்திருக்கும். பழைய ஆண்டுகளில் பயிற்சி, பிந்தைய ஆண்டுகளில் சோதனை என்று மாற்றுங்கள்.

அப்புறம் நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதனால் இங்கே எலக்ட்ரான் அளவு எந்த நடுக்கமும் இல்லாமலே நாளுக்கு நாள் மாறும். சூரியப் புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியது என்று காட்டும் கேபி, டிஎஸ்டி குறியீடுகளைப் பார்த்து அந்த நாட்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

2011இல் ஜப்பானில் 9 அளவில் நிலநடுக்கம் வந்ததற்குச் சுமார் 40 நிமிடம் முன்பே எலக்ட்ரான் அளவு கூடியது என்று ஹெக்கி என்ற ஆய்வாளர் எழுதினார். அதையே பலர் மறுக்கிறார்கள். 2000 டிசம்பர் 12 அன்று ஈராற்றுப்பேட்டைப் பக்கம் வந்தது 5தான். ஆற்றலில் பத்து லட்சம் மடங்கு சிறியது. அதன் தடம் அயனமண்டலத்தில் தெரியும் என்று எப்படி நம்புவது?

முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு மக்கள் ஏற்கெனவே பயத்தோடு இருக்கிறார்கள். ஒரு தவறான செய்தி போதும், ராத்திரியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். புதிய சோதனை முடிவை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.