ஆற்றுத் தண்ணீர் வரும்வரை போர்வெல் ஓடட்டுமா?

கேள்வி: திருவாரூர் பக்கம் கடைமடையில் 12 மா (நாலு ஏக்கர்) நிலம், ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு). ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர பத்துப் பதினைந்து நாள் ஆகிறது, வந்தாலும் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். குறுவை நெல்லைப் போரை நம்பியே செய்யலாமா, ஆற்றுக்குக் காத்திருக்கவா?

பதில்: முதலில் உங்கள் போர் எவ்வளவு தருகிறது என்று பாருங்கள். 200 லிட்டர் பேரல் 36 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 20,000 லிட்டர். மோட்டார் போட்டவுடன் அளக்காதீர்கள், மூன்று நான்கு மணி நேரம் ஓடிய பிறகு வருவதுதான் நிஜக் கணக்கு.

ஏக்கருக்குச் சேறடிக்க மட்டும் சுமார் 8 லட்சம் லிட்டர் வேண்டும். அந்தப் போருக்கு அது 40 மணி நேரம், உங்கள் நாலு ஏக்கருக்கு 160! இந்த வேலையை வாய்க்காலிடம் விட்டுவிடுங்கள். போரின் வேலை நாற்றங்கால். மண்ணை மெல்லிசாகப் பாய் போலப் பரப்பி விதைக்கும் பாய் நாற்றங்கால் என்றால் ஏக்கருக்கு ஒரு சென்ட் போதும், 15 நாளில் நாற்று தயார். ஜூன் பத்து வாக்கில் பாதி விதை, ஒரு வாரம் கழித்து மீதி என்று விட்டால், தண்ணீர் தாமதமானாலும் எல்லா நாற்றும் ஒரேயடியாக முற்றிப் போகாது.

நட்டபின் வாய்க்கால் ஓடும் நாளில் மோட்டாரை நிறுத்துங்கள். கரண்ட் இலவசம்தானே என்று பக்கத்து வாய்க்கால் நிறைய ஓடும்போதும் இறைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, அந்த வாய்க்கால் கசிவுதான் கீழே போய் உங்கள் போருக்கே சேர்கிறது. முறை இல்லாத நாளில், ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயலில் புதைத்து, அதற்குள் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு 5 செ.மீ. கட்டினால் போதும். ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர், பத்து மணி நேரம், அதனால் நாலு ஏக்கரையும் ஒரே நாளில் காய விடாமல் மாற்றி மாற்றிப் பாய்ச்சுங்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் இப்படிக் காய விட வேண்டாம்.

கேள்வி: நாகைப் பக்கம். போர் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது, வாய்க்கால் தண்ணீரோடு கலந்து விடலாமா?

பதில்: விடலாம், ஆனால் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் மகசூல் குறையத் தொடங்கும். இளநாற்றுக்கும் பூக்கும் பயிருக்கும் வாய்க்கால் தண்ணீர் மட்டும், நடுவில் தூர் கட்டும்போது கலவை. வருடா வருடம் கரிப்பு ஏறினால் இறைப்பைக் குறையுங்கள், கடல் பக்கத்து உப்புத் தண்ணீரை நீங்களே உள்ளே இழுக்கிறீர்கள்.