கரி அள்ளினவருக்கு எதற்கு வீரர் பட்டம்?

கேள்வி: என் தாத்தாவின் தம்பி நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்து, 19 வயதில் கப்பலில் கரி அள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். 1941 தொடக்கத்தில் அட்லாண்டிக்கில் கப்பலோடு மூழ்கிவிட்டதாகக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம், அவ்வளவுதான். எங்கள் குடும்ப மலரில் 'கடற்படை வீரர்' என்று போட்டு அவர் படத்தைச் சேர்க்கலாமா? "கரி அள்ளினவருக்கு எதற்கு வீரர் பட்டம்" என்கிறார் அண்ணன்.
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: கடற்படை என்று போடாதீர்கள், அது பொய். அண்ணன் சொல்வதும் பாதிதான் சரி. மீதிப் பாதிக்கு அவரைக் கொஞ்சம் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

உங்கள் சின்னத் தாத்தா இருந்தது சரக்குக் கப்பல். ஜெர்மன் நீர்மூழ்கிகள் தேடித் தேடி அடித்தது அந்தக் கப்பல்களைத்தான், ஏனென்றால் கோதுமையும் எண்ணெயும் நம் ஊர் ரப்பரும் ஈயமும் போய்ச் சேராவிட்டால் பிரிட்டன் சண்டை போட முடியாது. அதிலும் கரி அள்ளுகிறவர் இடம் கப்பலின் அடிவயிறு. கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் கரியைக் கொண்டுவந்து, நெருப்புப் போடுகிறவர் கேட்கக் கேட்கக் கொதிகலன் முன்னால் கொட்ட வேண்டும், நாலு நாலு மணி நேரமாக. நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் கிடையாது. டார்பிடோ வந்து அடிப்பதும் அங்கேதான். அடித்துவிட்டால் ஓர் இரும்பு ஏணி, கொதிக்கிற நீராவி, இருட்டு. மேல்தளத்தில் பீரங்கியோடு நின்றவருக்காவது திருப்பிச் சுட ஏதோ ஒன்று இருந்தது.

இதற்கு இந்திய மாலுமிக்குக் கிடைத்த சம்பளம், வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் ஒரு சிறு பங்கு. 1939இல் போர் தொடங்கிய கையோடு இவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பலர் சிறைக்கும் போனார்கள், அப்புறம்தான் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். அதனால் 'மன்னருக்காக உயிர் கொடுத்தார்' என்றும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

ரஜூலா கப்பல் என்றால் பினாங்கில் பழைய ஆட்களுக்கு இன்னும் கண் விரியும். அதன் கூடப்பிறந்த கப்பல் ரோனா எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? இரண்டும் 1926இல் கட்டியவை, இரண்டும் நாகப்பட்டினத்திலிருந்து இந்தப் பக்கம் நம் ஆட்களை ஏற்றி வந்தவை. போருக்கென்று ரோனாவை எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26, அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஜெர்மன் விமானத்திலிருந்து வானொலியால் திருப்பிவிட்ட குண்டு பாய்ந்து மூழ்கியது. செத்தவர்களில் 1,000 பேருக்கு மேல் அமெரிக்கச் சிப்பாய்கள். கப்பல் ஊழியர்களில் 100 பேருக்கு மேல் போனார்கள், அநேகமாக எல்லாரும் இந்தியர்கள். 1914இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் நம் துறைமுகத்துக்குள்ளேயே வந்து மூழ்கடித்த ரஷ்யக் கப்பலின் மாலுமிகளுக்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் நினைவுக்கல் இருக்கிறது, மலர்வளையமும் வருகிறது. வரட்டும், நல்லதுதான். ரோனாக்காரர்களுக்கு இங்கே ஒரு பூ வைத்து நான் பார்த்ததில்லை.

சரி, பெயரைத் தேடுவது எப்படி? லண்டன் டவர் ஹில்லில் இரண்டாம் போரில் கடலோடு போன வணிகக் கப்பல் மாலுமிகள் சுமார் 24,000 பேரின் பெயர் பொறித்திருக்கிறார்கள். அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், இந்திய மாலுமிகளின் பெயர்களைப் பம்பாய், சிட்டகாங் நினைவுப் பட்டியல்களில்தான் சேர்த்தார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஆள் பெயரை நம்பி இறங்காதீர்கள், அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய லட்சணம் உங்களுக்கே தெரியும். கம்பெனிக் கடிதத்தில் கப்பல் பெயரும் தேதியும் இருக்கும், அதை வைத்துத் தேடுங்கள்.

படத்தின் கீழே பெயர், ஊர், கப்பல், தேதி. அப்புறம் 'கரி அள்ளினார், போரில் இறந்தார்' என்றே போடுங்கள். மெய்ப்புப் பார்க்க அண்ணனிடம் கொடுங்கள்.