25 வயதில் திவாலான பாடகர்: யார் சொல்வது சரி?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. டிவி பாட்டுப் போட்டியில் பாடுகிறான், கச்சேரி வாய்ப்புகளும் வர ஆரம்பித்திருக்கின்றன. அமெரிக்கப் பாடகர் ஆரன் கார்ட்டர் என்றால் அவனுக்கு உயிர். அவர் 25 வயதிலேயே மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவர் என்று எங்கோ கேட்டதிலிருந்து பையன் முகமே வாடிக் கிடக்கிறது. ‘கோடி கோடியாக வந்தும் ஊதாரித்தனம் பண்ணினால் இப்படித்தான்’ என்கிறார் என் கணவர். ‘லூயி வீட்டன் மாதிரி விலையுயர்ந்த பை வைத்திருப்பவன் எப்படித் திவாலாவான்? கடனை ஏமாற்ற வழி பண்ணியிருக்கிறான்’ என்கிறான் என் தம்பி. ‘பெற்றவர்களே தின்றிருப்பார்கள்’ என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி? என் மகனுக்கும் இப்படி நடக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்:

அன்புச் சகோதரி, 2013 நவம்பரில் கார்ட்டர் ஃப்ளோரிடாவில் திவால் மனு போட்ட செய்தி வந்தபோது அமெரிக்காவிலும் இதே மூன்று பேச்சுதான் அடிபட்டது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் பேசியவர்களில் பலர் மனுவிலிருந்த கடன் பட்டியலைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும்.

மொத்தக் கடன் 20 லட்சம் டாலருக்கு மேல். சொத்து ஏறக்குறைய 8,200 டாலர். கடனில் பெரும்பகுதி, சுமார் 13 லட்சம் டாலர், மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டிய வருமான வரி. அதுவும் 2003-ஆம் வருடத்து பாக்கி என்று அப்போதே செய்திகள் வந்தன. கார்ட்டர் பிறந்தது 1987 டிசம்பரில். அப்படியானால் அந்த வரி சேர்ந்த வருடத்தில் அவருக்கு 15 வயது. காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமைகூட இல்லாத வயது. உங்கள் கணவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். பின்னாளில் கார்ட்டர் செலவாளியாக இருந்திருக்கலாம், ஆனால் இந்த 13 லட்சத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இவ்வளவு வரி எப்படி நின்றுபோகிறது? மாதச் சம்பளக்காரருக்கு வரியைப் பிடித்துக்கொண்டுதான் சம்பளம் கொடுப்பார்கள். சொந்தத் தொழிலாகப் பாடுகிறவருக்கு அமெரிக்காவில் பொதுவாக முழுத் தொகையும் கைக்கு வந்துவிடும். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி என்று நான்கு தவணையில் அவரே கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும். 2003-இல் மேல்மட்ட மத்திய வரி விகிதம் 35 சதவீதம். அதற்கு முன்பே மேனேஜருக்கு 15 முதல் 20 சதவீதம், ஏஜென்டுக்கு 10, வக்கீலுக்கும் கணக்கு பார்ப்பவருக்கும் ஆளுக்கு 5 என்று போய்விடுவது அந்தத் தொழிலில் வழக்கம். நூறு ரூபாய் வந்தால் நாற்பது வாசலிலேயே போய்விடும். மீதியில் பஸ், மேடை, ஆட்டக்காரர் கூலி எல்லாம் போக நிற்பதைத்தான் ‘நம் பணம்’ என்று குடும்பம் நினைக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு அரசுடையது என்பது ஏப்ரல் வரும்வரை யாருக்கும் உறைப்பதில்லை.

ஒரு வருடம் தவறிவிட்டால் கடன் தானாகவே வளரும். கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் மாதம் 5 சதவீத அபராதம், 25 சதவீதம் வரை. வரியைக் கட்டாததற்குத் தனியாக மாதம் அரை சதவீதம், அதுவும் 25 வரை. இவற்றுக்கு மேல் தினக்கூட்டு வட்டி. பத்து வருடம் தொடாமல் கிடந்த பாக்கி என்ன கதியாகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குள் பாட்டுச் சந்தையும் மாறிவிட்டது. 12 வயதில் லட்சக்கணக்கில் ஆல்பம் விற்ற பையனுக்கு 22 வயதில் அந்த வருமானம் இல்லை.

தம்பியின் சந்தேகத்துக்கு வருவோம். கார்ட்டர் போட்டது ‘சாப்டர் 7’ மனு. அதாவது, இருக்கும் சொத்தைக் கடன்காரர்களுக்கு விட்டு, மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் வகை. அதில் கட்டிலிலிருந்து கைக்கடிகாரம், சட்டை துணிமணி வரை ஒன்று விடாமல் எழுத வேண்டும். எழுதும் விலை, வாங்கிய விலை ஆகாது. இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதே கணக்கு. லூயி வீட்டன் பை பட்டியலில் ஏறியது அதனால்தான். மறைத்திருந்தால் அதுதான் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை உண்டு. மனு போட்ட சில வாரங்களில் திவாலானவர் சொத்தைக் கவனிக்க நியமிக்கப்பட்ட அறங்காவலர் முன் உட்கார்ந்து, சத்தியம் செய்து, கடன்காரர்கள் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சட்டம் விட்டுவைக்கும் அளவுக்கு மேல் இருப்பதை அறங்காவலர் விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுக்கலாம். ஃப்ளோரிடாவில் அப்போது சாதாரணப் பொருட்களுக்கு விட்டுவைத்தது 1,000 டாலர், சொந்த வீட்டுக்கான சலுகையைக் கோராதவருக்கு மேலும் 4,000. இதில் ஏமாற்ற இடம் குறைவு. பிறகு பத்து வருடம் அந்தப் பதிவு கடன் வரலாற்றில் நிற்கும்.

‘வரிக்கடன் அவ்வளவு சுலபமாகத் தள்ளுபடி ஆகுமா?’ என்று தம்பி கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு. கணக்குத் தாக்கலுக்கான கெடு மனுவுக்கு மூன்று வருடம் முன்பே முடிந்திருக்க வேண்டும். கணக்கைத் தாக்கல் செய்து இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். வரித்துறை தொகையை நிர்ணயித்து 240 நாள் கடந்திருக்க வேண்டும். பொய்க்கணக்கோ வரி ஏய்ப்போ இருக்கக் கூடாது. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் வரி அப்படியே நிற்கும். எல்லாம் பொருந்தினாலும், வரித்துறை ஏற்கெனவே சொத்தின் மேல் பற்றுரிமை (பாக்கிக்காக அந்தச் சொத்தைப் பிடித்துவைக்கும் உரிமை) பதிந்திருந்தால் அது போகாது. பழைய வரிக்கடன்காரர்கள் வருடக்கணக்கில் காத்திருந்து மனு போடுவது இதனால்தான். அதைத் தந்திரம் என்பது நியாயமில்லை.

‘திவாலானவன் எப்படிக் கச்சேரி பண்ணுகிறான்?’ என்ற ஏச்சும் அன்று எழுந்தது. சாப்டர் 7-இல் மனு போட்ட நாளுக்குப் பிறகு உழைத்துச் சம்பாதிப்பது அவருக்கே சொந்தம், பழைய கடன்காரர் அதைத் தொட முடியாது. பழைய பாட்டுகளின் ராயல்டிக்கு இது பொருந்தாது. அந்த உரிமை மனுவுக்கு முன்பே பிறந்தது என்பதால் அறங்காவலர் கைக்குப் போகலாம். ஆகவே ஒரு ரசிகர் உண்மையிலேயே உதவ நினைத்தால், அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவதுதான் வழி. உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வான். கார்ட்டர் அதன் பிறகும் மேடையேறினார், 2018-இல் புது ஆல்பமும் கொண்டுவந்தார். 2022 நவம்பரில் 34 வயதில் இறந்துபோனார். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, திவாலானதால்தான் போனார் என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள். வேறு பல துன்பங்களும் அவருக்கு இருந்தன.

மாமியார் சொல்வதற்குத் தீர்ப்பு சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆரம்ப வருடங்களில் தாயே மேனேஜராக இருந்தார், அவ்வளவுதான் உறுதி. ஆனால் மாமியாருடைய பயம் வெறும் பயம் என்று ஒதுக்கவும் மாட்டோம். சாப்ளினோடு நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன், தன் வருமானத்துக்காக 1938-இல் தாய் மீதும் வளர்ப்புத் தந்தை மீதும் வழக்குப் போட வேண்டியிருந்தது. லட்சக்கணக்கில் சம்பாதித்தவருக்கு மிஞ்சியது சுமார் 1,26,000 டாலர். அந்த வழக்கால் கலிஃபோர்னியா 1939-இல் சட்டம் கொண்டுவந்தது. இன்று அங்கே குழந்தைக் கலைஞர் வருமானத்தில் 15 சதவீதம் பூட்டிய கணக்குக்குப் போக வேண்டும். அதுவும் வரிக்கு உதவாது, தொட முடியாத சேமிப்பு. வரிக்குத் தனியாக எடுத்துவைத்தே ஆக வேண்டும்.

இனி உங்கள் பையன். 14 வயதுக்குட்பட்ட கலைஞருக்கு இந்தியாவில் 2017 முதல் விதி இருக்கிறது: நிகழ்ச்சி வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம், தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் நிரந்தர வைப்பாக நேரடியாகச் செலுத்தப்பட வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியர் அனுமதியைத் தயாரிப்பாளர் வாங்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த அனுமதியையும், வைப்பு எந்தக் கிளையில் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்மா’ என்றால் பேனாவைத் திறக்காதீர்கள்.

பாடிச் சம்பாதிப்பது அவன் திறமையால் வருவது. ஆகவே அது அவன் பெயரிலேயே வரிக்கு உட்படும், பெற்றோர் வருமானத்தோடு சேராது. வைப்பு நிதியின் வட்டி மட்டும் உங்களில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். பலர் தவறவிடுவது இந்த இடம். அவனுக்குத் தனி பான் கார்டு எடுங்கள், காப்பாளராக நீங்கள் கையெழுத்திடலாம். தனி வங்கிக் கணக்கும் திறந்து, வரும் ஒவ்வொரு தொகையிலும் 30 சதவீதத்தை அன்றே வரிக்கென்று நகர்த்திவிடுங்கள். தொலைக்காட்சிக்காரர்கள் பிடித்த 10 சதவீதத்தோடு வரி முடிந்தது என்று எண்ண வேண்டாம். வருட வரியில் பிடித்தம் போக மீதி 10,000 ரூபாயைத் தொட்டால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் முன்வரி கட்ட வேண்டும். முதல் கச்சேரிப் பணம் வருவதற்குள் ஒரு பட்டயக் கணக்காளரைப் பார்த்துவிடுங்கள். வருடக் கணக்கைப் போடும்போது பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.