ட்ரோபோனின் கூடியிருந்தால் ஐ21.4 போடலாமா?

கேள்வி: உள்நோயாளி சார்ட் ஒன்றில் ட்ரோபோனின் (இதயத்தசை காயப்பட்டால் இரத்தத்தில் கூடும் புரதம்) கூடியிருந்ததாலும் நெஞ்சுவலி இருந்ததாலும் ஐ21.4 (என்ஸ்டெமி, அதாவது ஈசிஜியில் எஸ்.டி. பகுதி உயராத மாரடைப்புக்கான குறியீடு) போட்டேன். ஆடிட்டில் பிழை என்று திருப்பிவிட்டார்கள். டிமாண்ட் இஸ்கீமியா (இதயத்தின் தேவைக்கு இரத்த ஓட்டம் ஈடுகொடுக்காத நிலை), டைப் 2 எம்.ஐ. (அந்த ஈடின்மையால் வரும் மாரடைப்பு), மயோகார்டியல் இஞ்சுரி (இதயத்தசைக் காயம்) ஆகியவற்றை எப்படிப் பிரித்துக் குறியிடுவது?

பதில்:

ஆடிட்டர் சொன்னது சரி. அமெரிக்க மருத்துவமனைகளின் உள்நோயாளி சார்ட்டுகளைச் சென்னையிலிருந்து பார்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதய நோய்ப் பிரிவில் மிக அதிகமாகத் திரும்பி வரும் குறியீடுகளில் ஐ21.4 ஒன்று. ஆய்வக அறிக்கையில் ட்ரோபோனின் எவ்வளவு ஏறியிருந்தாலும், அதற்கு என்ன பொருள் என்று மருத்துவர் எழுதாத வரையில் கோடர் (சார்ட்டைப் படித்துக் குறியீடு போடுபவர்) அதை மாரடைப்பாக மாற்ற முடியாது. ஒரு நோய் இருக்கிறது என்று சிகிச்சையளிப்பவர் எழுதிய கூற்றுதான் குறியீட்டுக்கு ஆதாரம் என்று அமெரிக்காவின் நோய்க் குறியீட்டு முறையான ஐசிடி-10-சிஎம்மின் அதிகாரபூர்வ வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே சொல்கின்றன.

மருத்துவப் பின்னணி தெரிந்தால் இந்தக் கண்டிப்பின் காரணம் புரியும். 2018இல் வெளியான நான்காம் உலகளாவிய வரையறையின்படி, ட்ரோபோனின் 99ஆவது சதமான மேல் எல்லையைத் தாண்டினால் அது இதயத்தசைக் காயம் மட்டுமே. அந்த அளவு ஏறியோ இறங்கியோ காட்டி, அதனுடன் இரத்த ஓட்டக் குறைவுக்கான அறிகுறி, புதிய ஈசிஜி மாற்றம், இமேஜிங் சான்று, ஆஞ்சியோகிராமில் தெரியும் இரத்தக்கட்டி போன்றவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் அது மாரடைப்பு. சிறுநீரகச் செயலிழப்பு, செப்சிஸ் (கடும் தொற்று விளைவு), நுரையீரல் எம்பாலிசம் (நுரையீரல் தமனி அடைப்பு) என்று ட்ரோபோனினை உயர்த்தும் காரணங்கள் ஏராளம் என்பதால், எண்ணை வைத்து நோயைத் தீர்மானிக்கும் பொறுப்பு மருத்துவருடையதே அன்றி நம்முடையது அன்று.

இனி, மருத்துவர் எழுதும் சொல்லுக்கு ஏற்பக் குறியீடு எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். ட்ரோபோனின் உயர்ந்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டால், அதைப் பொருட்படுத்தத்தக்க கண்டுபிடிப்பாக அவர் கருதியிருக்கும் நிலையில் ஆர்79.89 வரும். இரத்த ஓட்டக் குறைவால் ஏற்படாத மயோகார்டியல் இஞ்சுரி என்றால், 2021 அக்டோபரில் சேர்க்கப்பட்ட ஐ5ஏ. டிமாண்ட் இஸ்கீமியா என்று எழுதி, மாரடைப்பு என்று எழுதாவிட்டால் ஐ24.89. டிமாண்ட் இஸ்கீமியாவால் வந்த மாரடைப்பு அல்லது டைப் 2 எம்.ஐ. என்று எழுதினால் ஐ21.ஏ1 மட்டும் போதும், ஐ24.89ஐக் கூடவே சேர்க்கக் கூடாது. அக்யூட் கரோனரி சிண்ட்ரோம் (இதயத்துக்கு இரத்த ஓட்டம் திடீரெனக் குறையும் நிலைகளின் பொதுப்பெயர்) என்பதோடு சார்ட் முடிந்துவிட்டால் ஐ24.9 என்ற தெளிவற்ற குறியீடுதான் கிடைக்கும். அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா (நிலையற்ற இதய நெஞ்சுவலி) ஐ20.0. ஆனால் அந்த நோயாளிக்குச் சொந்த இதயத் தமனிகளில் அடைப்பு நோயும் பதிவாகியிருந்தால், இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே வகைப்பாடு எடுத்துக்கொள்வதால் ஐ25.110 என்ற ஒரே குறியீட்டில் இரண்டும் அடங்கிவிடும். "ட்ரோப் பம்ப்", "ட்ரோப் லீக்" என்றெல்லாம் எழுதும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அகரவரிசைக் குறிப்பில் அப்படி எந்தச் சொல்லும் இல்லை, நாமாக அதற்கு ஒரு பொருள் கற்பிக்கவும் கூடாது.

உங்கள் சார்ட்டில் என்ன நடந்திருக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம். குடலில் இரத்தக்கசிவு ஏற்பட்டு ஹீமோகுளோபின் வேகமாகக் குறைந்த ஒருவருக்கு ட்ரோபோனின் ஏறி இறங்குகிறது. இதயநோய் மருத்துவர் "இரத்த இழப்புச் சோகையால் டைப் 2 என்ஸ்டெமி" என்று எழுதுகிறார். என்ஸ்டெமி என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக ஐ21.4க்குப் போகும். ஆனால் டைப் 2 என்று குறிப்பிட்டுவிட்டால், என்ஸ்டெமி என்றோ ஸ்டெமி (எஸ்.டி. பகுதி உயர்ந்த மாரடைப்பு) என்றோ சேர்த்து எழுதியிருந்தாலும் ஐ21.ஏ1 மட்டுமே போட வேண்டும் என்பது விதி. காரணமான இரத்த இழப்புச் சோகைக்குரிய டி62 அதற்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். 2017 அக்டோபருக்கு முன் டைப் 2க்குத் தனிக் குறியீடே இல்லாமல் எல்லாம் ஐ21.4இல் விழுந்ததால், அந்தப் பழக்கம் இன்னும் பல குழுக்களில் போகவில்லை என்பது என் கணிப்பு.

ஆடிட்டர்கள் இதை இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதற்குப் பணமும் ஒரு காரணம். ஐ21.4, ஐ21.ஏ1 இரண்டும் துணை நோயறிதலாக வரும்போது எம்.சி.சி. (கட்டணத்தை அதிகம் உயர்த்தக்கூடிய பெரிய உடன்நோய்) தகுதி பெறுபவை, ஐ5ஏ, ஐ24.89 இரண்டும் சி.சி. (அதைவிடச் சிறிய உடன்நோய்) மட்டுமே, ஆர்79.89க்கு அதுவும் இல்லை. ஆகவே ஆதாரம் போதாத மாரடைப்புக் குறியீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவ ரீதியாக ஆராய்ந்து மறுக்கும். வேறொரு நோயால் ட்ரோபோனின் ஏறியவரை ஐ21.4இல் சேர்த்தால், அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் கணக்கிடும் மாரடைப்பு இறப்பு விகிதத்திலும் 30 நாள் மறுசேர்க்கை விகிதத்திலும் அந்த மருத்துவமனையின் படமே கோணலாகிவிடும்.

மருத்துவரின் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், உதாரணமாக இதயநோய் மருத்துவர் மயோகார்டியல் இஞ்சுரி என்றும், பொறுப்பு மருத்துவர் டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ஸ்டெமி என்றும் எழுதியிருந்தால், நாமே ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் பொறுப்பு மருத்துவருக்குக் கொயரி (எழுத்து மூலம் விளக்கம் கேட்கும் படிவம்) அனுப்ப வேண்டும். அதில் ட்ரோபோனின் மதிப்புகளையும் நேரத்தையும், ஈசிஜி முடிவையும், கொடுத்த சிகிச்சையையும் எடுத்துக்காட்டி, சான்றுக்குப் பொருந்தும் தேர்வுகளோடு "வேறு", "தீர்மானிக்க இயலவில்லை" என்பவற்றையும் தர வேண்டும். கட்டணம் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது, ஒரு விடையை நோக்கித் தள்ளும் நடையும் கூடாது. அமெரிக்காவின் மருத்துவப் பதிவு, ஆவணத் துறை அமைப்புகளான ஏஹைமாவும் ஏக்டிஸும் சேர்ந்து 2022இல் புதுப்பித்த கொயரி நடைமுறை ஆவணத்தை ஒருமுறை முழுவதுமாகப் படித்துவிடுங்கள்.

நாள்கணக்கையும் கவனியுங்கள். மாரடைப்பு வந்து நான்கு வாரங்களுக்குள் நோயாளி வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, அதற்கான கவனிப்பும் தொடர்ந்தால் அங்கும் ஐ21 வரிசைதான். பழைய மாரடைப்புக்கான ஐ25.2 அல்ல. அதே நான்கு வாரத்துக்குள் இரண்டாம் முறை டைப் 1 மாரடைப்பு (இதயத் தமனியின் கொழுப்புப் படிவு சிதைந்து இரத்தக்கட்டி உருவாவதால் வருவது) வந்தால் ஐ22, அதுவும் ஐ21 உடன் சேர்ந்து மட்டுமே. இரண்டாவது டைப் 2ஆக இருந்தால் ஐ22 பக்கமே போகாமல் ஐ21.ஏ1.

கடைசியாக, "புராபபிள் என்ஸ்டெமி" என்ற சொல் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இறுதி வரை நின்றால் அதை உறுதியான நோயாகவே குறியிடலாம். அதே சொல் அவசரப் பிரிவிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட புறநோயாளியின் சார்ட்டில் இருந்தால் செல்லாது. அங்கே நெஞ்சுவலிக்கான ஆர்07.9 போன்ற அறிகுறிக் குறியீட்டோடு நின்றுகொள்ள வேண்டும்.